மெத்தை அறை

பத்து மணி பத்துக்கு
நான்காம் வகுப்பு உடைகிறது.
இந்திக்குப் பதினாறு பேர், இருந்த இடத்திலேயே.
உருதுக்கு ஏழு பேர், நூலகத்துக்கு.
கிரியோல் பாடத்துக்கு ஒன்பது பேர்
நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
சீமைப்பலா மரத்தடிக்கு.
தமிழுக்கு ஐந்து பேர்.
தமிழுக்கு மெத்தை அறை.

புயல் காலத்துக்கு அரசு கொடுத்த அறுபது மெத்தைகள்
கூரை வரை அடுக்கியிருக்கும்.
மிச்சமிருக்கும் சந்தில் அரைக் கரும்பலகை,
இரண்டு பெஞ்சு, ஒலிபெருக்கி, எலிப்பொறி.
சுவர் ஆணி தாங்காது.
எழுத்து அட்டையை முப்பத்தொன்றாம் மெத்தையில்
ஊக்கு குத்தித் தொங்கவிட்டிருக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் முஸ்யே சீபாலக்
வசதிகளை வாசிப்பார்:
வகுப்பறை ஆறு, நூலகம் ஒன்று, கணினி பன்னிரண்டு,
குழாய் எட்டு
(ஐந்தில் தண்ணீர் வருவதை வாசிக்க மாட்டார்).
மெத்தை அறை, புயல் பக்கத்தில் வரும்.

ரிவியேர் தே ஸாங்கீய் என்றால்
விலாங்கு ஆறு என்று ஒருநாள் சொன்னேன்.
வாயில் இலவச ரொட்டியோடு
லுத்மிலா குர்ப்பென் கேட்டாள்:
"விலாங்குக்குத் தமிழ்ப் பாடம் உண்டா மிஸ்?"
இருந்தால் ஆறு பேர் ஆகியிருப்போம்.

பிப்ரவரியில் வந்தது.
வானொலி மூன்றாம் எச்சரிக்கை சொன்ன மாலை
என் வீட்டுத் தகரம் முதலில் எழுந்து போயிற்று.
கைப்பையோடும் கணவரோடும்
வேலை பார்க்கும் பள்ளிக்கே
அகதியாய் வந்து வரிசையில் நின்றேன்.
காவல்கார மதாம் ஜோசெத்
பெயர் கேட்டு எழுதிக்கொண்டாள்,
பதினோரு வருடமாய்த் தெரிந்த பெயரை.

என் வகுப்பறையைப் பிரித்து
ஆளுக்கொன்றாய் விரித்தார்கள்.

முப்பத்தொன்று ழான்-நோயெல் லபோந்த்துக்கு விழுந்தது,
மரத்தடிக்காரன்.
அட்டையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.
காற்று கதவைப் பிடித்து உலுக்க உலுக்க
கைவிளக்கு அடித்து ஒவ்வொன்றாய் எண்ணினான்.
"தனியா ஒண்ணு இருக்கே, மூணு புள்ளி?"
ஆய்தம் என்றேன்.
உயிரும் இல்லை மெய்யும் இல்லை,
அதிகம் பயன்படாது.
இருபத்திரண்டு வருடமாய் இதையேதான் சொல்கிறேன்.
"பாவம்" என்றான், கிரியோலில்.
தூங்கிப்போனான்.

விடிந்தபோது மின்சாரம் இல்லை,
எரிவாயு சிலிண்டர் சேற்றுக்குள்.
ஜோசெத் முற்றத்தில் மூன்று கல் உருட்டி வைத்து
எண்பத்து மூன்று பேருக்குப்
பருப்பு ஏற்றிக்கொண்டிருந்தாள்.
ஈரக் கரும்புத் தட்டை புகைந்து கண்ணைப் பிடுங்கியது.
அந்தப் புகைக்குள்ளிருந்து ஓடி வந்தான்.
"மிஸ்! மிஸ்! த்ருவா ரோஸ்!
உங்க எழுத்து! அது மேலதான் சமைக்கிறாங்க!"

மூன்று கல்.
போய்ப் பார்த்தேன்.
மேலே ஒன்று, கீழே இரண்டு.
எழுத்து சுடும் என்று
எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லவில்லை.

சேத அறிக்கை:
தகரம் நான்கு, தண்ணீர்த் தொட்டி ஒன்று,
சீமைப்பலா மரம் ஒன்று.

மரம் போனதால் கிரியோல் பாடத்துக்கு இடமில்லை.
காய்ந்து திரும்பிய மெத்தைகளுக்கு நடுவே
இப்போது பதினாலு பேர், ஆசிரியை இரண்டு.
கிளாரிஸ் முதுகும் என் முதுகும்
முட்டிக்கொண்டு நிற்கின்றன.
நான் ழ சொல்லும்போது அவள் நிறுத்திக்கொள்கிறாள்.
அவள் சிரிக்க வைக்கும்போது
என் ஐந்தும் சேர்ந்து சிரிக்கின்றன.
மெத்தைகள் பாதிச் சத்தத்தைத் தின்றுவிடும்,
மீதி இரண்டு வகுப்புக்கும் போதவில்லை.
அட்டையில் ங-வின் மேல்
சார்தின் எண்ணெய்க் கறை.

நேற்று எழுதச் சொல்லிக் கொடுத்ததில்
'த்ருவா ரோஸ்' வர வேண்டிய இடத்தில்
ழான்-நோயெல்
ஃ
போட்டு வைத்திருக்கிறான்.
கிளாரிஸ் சிவப்பு மையால் சுழித்துவிட்டு
நோட்டைத் தோளுக்கு மேலாக நீட்டினாள்.
"இது தப்பா?"

பத்து நாற்பது.
மணி அடித்துவிட்டது.